மாசியும் மீன்தான்

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்டி டவுனிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வீதியில் ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. இருபது வருஷமாக நான் வேலை செய்யும் இடம். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், பில் புத்தகம், வருஷக் கடைசியில் காலண்டர் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். கம்பியூட்டரில் எழுத்துக் கோர்ப்பதும் பிழை திருத்துவதும் என் வேலை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என் வயிற்றைப் பார்த்தால் அதற்கு இன்னும் கொஞ்சம் கூடச் சொல்வீர்கள்.

அச்சகத்தில் நாங்கள் நாலு பேர். மெஷின் ஓட்டுகிறவர் என்னைவிட மூத்த முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா, அவர்கள் வழக்கில் அண்ணன். புத்தகம் கட்டும் வேலைக்குக் கலகெதரயிலிருந்து வரும் ஒரு சிங்களப் பெண், எங்களுக்கு நங்கி, அதாவது தங்கச்சி. தாள் வெட்டுகிறவன் என் நண்பன். கம்பளையிலிருந்து வருவான். அவனும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு மெஷினை நிறுத்துவோம். தாள் அடுக்கும் நீள மேசையில், அச்சில் கெட்டுப்போன தாள்களை விரித்து, யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயருக்கு மேல் எங்கள் பார்சல்களைப் பிரிப்போம். சோறு அவரவருக்கு. கறி எல்லாம் நடுவில். நடுவில் வைத்த பிறகு அது யாருடைய கறியும் இல்லை. நண்பனின் மனைவி நெத்தலிக் கருவாட்டை மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பொரித்து அனுப்புவார். அதில் முக்கால்வாசி என் பக்கம் வந்து சேரும். எப்படி வரும் என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

அந்த வருஷம் நடுப்பகுதியில் நண்பன் ஒரு வாரம் லீவு போட்டான். அவனுடைய அண்ணன் கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பால்மாடு வைத்திருக்கிறார். அவருக்குக் கால் முறிந்துவிட்டதால், மாட்டைப் பார்க்க இவன் போனான். திரும்பி வந்தவன் மீனைத் தொடவில்லை. முட்டையைத் தொடவில்லை. பால் டீயும் வேண்டாம், பிளேன்டீ போதும் என்றான். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒரு முறைதான் சொன்னான்.

"கெடாக்கன்ன எறச்சிக்கு வித்துட்டாங்க மச்சான். கயித்த நான்தான் புடிச்சுக் குடுத்தேன். ரெண்டு நாளா தாய் மாடு கேட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் அதுக்கிட்டயே போயி பாலும் கறந்தேன்."

பிறகு, "இதுக்கு வீகன்னு பேராம். மக சொன்னா" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "மீனு இல்ல, முட்ட இல்ல, பாலும் இல்ல. அப்ப மிச்சம் என்ன மச்சான், சோறு சுத்துற லன்ச் ஷீட்டா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஒரு மாதம் வரைக்கும் எங்களோடுதான் உட்கார்ந்தான். தன் பார்சலை மட்டும் சாப்பிடுவான். பிறகு ஒரு நாள் நானா கோழிக்கறி கொண்டுவந்தார். நான் ஒரு காலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நண்பன் பார்சலை மடித்துக்கொண்டு எழுந்து, பின் கதவுக்கு வெளியே இருக்கிற படியில் போய் உட்கார்ந்தான். ஏதோ போன் வந்திருக்கிறது என்று நினைத்தோம். மறுநாளும் படிக்குத்தான் போனான். மூன்றாம் நாள் நான் பின்னாலேயே போனேன்.

"என்னடா, கோவமா?"

"கோவம் இல்ல மச்சான். முன்ன எனக்கு அது கறி. இப்ப நீ அதப் பிச்சு வாயில வைக்கிறப்போ எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. அது இருக்கிற மேசைல இனிமே என்னால உக்கார ஏலாது. உங்கள சாப்பிடாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிம இருக்கு? நான் எந்திரிச்சுப் போறது லேசு."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். எனக்குத்தான் உறைத்தது. இருபது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு நான் மெல்லுவதைப் பார்க்க முடியவில்லை என்கிறானே என்று மனசுக்குள் ஒரு குமைச்சல். அந்தக் குமைச்சலில் நெத்தலிக் கருவாடு போய்விட்ட துக்கமும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே வந்து மற்றவர்களிடம் சொன்னேன். "நம்ம சாப்பாடு அவனுக்கு அருவருப்பாம்" என்று கொஞ்சம் காரம் சேர்த்துத்தான் சொன்னேன். நானா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"அவர் சொல்றதுல என்ன பெழை? இந்த மேசைல பண்டியெறச்சி ஈந்தா நான் இங்க ஈப்பனா? நீங்க யாரும் கொண்டுவாரல்ல. நானும் மாட்டெறச்சி கொண்டுவாரல்ல. யாரும் கேட்டயா? இல்லயே. வெள்ளிக்கெழம ஒங்கட பருப்புல என்ட மீன் கரண்டி பட்டா நீங்க முழிக்கிற முழி எனக்குத் தெரியாதா?"

நியாயமான பேச்சுதான். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்காக நான் மரக்கறி. அன்றைக்கு என் பருப்புப் பக்கம் வேறு கரண்டி வந்தால் பாத்திரத்தையே தள்ளி வைத்துவிடுவேன். ஆனால் நியாயம் என்று தெரிந்ததும் வாயை மூடுகிற ஆள் நான் இல்லை. அந்தப் படிக்கு ஆசிரமம் என்று பெயர் வைத்தேன். அவனுக்குச் சாமி என்று பெயர் வைத்தேன். தினமும் பன்னிரண்டரைக்குப் பின் கதவைத் திறந்து, "சாமி, இன்னைக்கு அருள்வாக்கு ஏதும் உண்டுங்களா?" என்று கும்பிடுவேன். முதல் வாரம் சிரித்தான். இரண்டாம் வாரம் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. சிரிப்பு நின்றதும் நிறுத்துகிறவனுக்குத்தான் பகிடி விடத் தெரியும் என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை.

டிசம்பர் வந்தது. காலண்டர் வேலை. காலையிலிருந்து மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். சாப்பிடும் அரை மணி நேரம்தான் நாங்கள் மனிதர்களாக இருப்பது. அந்த அரை மணி நேரமும் ருசிக்கவில்லை. அவனுடைய கதிரை காலியாக இருந்தது. அதில் யாரோ பசை டின்னைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான், இவன் இனிமேல் வரவே மாட்டானோ என்று எனக்குப் பயம் வந்தது. நான் பகிடி விட ஆரம்பித்த காலத்திலிருந்து அதற்கு முதல் ஆளாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் அவன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புதன்கிழமை மேசை முழுக்க மரக்கறி. நானாவும் நங்கியும் உடனே சரி என்றார்கள். படிக்குப் போய் நண்பனிடம் சொன்னேன்.

"எல்லாருமா?" என்றான்.

"எல்லாரும்தான்."

"நானாவுமா?"

"நானாவும்தான். அன்னைக்கு மேசைல ஒரு முட்டை ஓடுகூட இருக்காது. என் பொறுப்பு."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். அன்று பின்னேரம் பார்த்தபோது, கதிரையிலிருந்த பசை டின் இல்லை. அவன்தான் எடுத்து வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை குண்டசாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "நாளைக்கு மரக்கறி மட்டும்" என்றேன். அவள் விடிய எழும்பி பருப்பும், தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலும் செய்து தந்தாள். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

இங்கே மாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூரை மீனை அவித்து, புகையிலும் வெயிலிலும் காயவைத்து, விறகுக்கட்டை மாதிரி ஆக்கி விற்பார்கள். அதை இடித்துச் சம்பலில் போடுவோம், கீரையில் போடுவோம், பருப்பில்கூடத் தூவுவோம். எங்கள் வீட்டில் மாசிப் போத்தல் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அது மீன் என்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. முருகனுக்கு விரதம் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் நான் தின்ற சம்பலில் எத்தனை தடவை மாசி இருந்தது என்று முருகனுக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு நண்பன் தன் கதிரையில் வந்து உட்கார்ந்தான். அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தான். நங்கி பிஞ்சுப் பலாக்காய்க் கறி. நானா வீட்டிலிருந்து பொரித்த கத்தரிக்காயில் புளி விட்டுச் செய்த கறி. நடுவில் என் சம்பல். கிழங்குக்குச் சம்பலைப் போல வேறு எது வரும்? அவன் முதலில் அதைத்தான் எடுத்தான்.

"தங்கச்சி கைப்பக்குவமே தனி மச்சான்" என்று சொல்லி மறுபடியும் எடுத்தான். என் மனைவியை அவன் தங்கச்சி என்றுதான் சொல்வான்.

நானும் ஒரு துண்டுக் கிழங்கைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தேன். முதல் வாயில் வெறும் ருசிதான். இரண்டாவது வாயில், பல்லுக்கிடையில் அந்தச் சின்னத் துணுக்கு அகப்பட்டது. கடித்தேன். மாசி.

நிமிர்ந்தபோது நங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போயா என்கிற பௌர்ணமி நாட்களில் சில் என்கிற பௌத்த நோன்பு எடுக்கிறவள். அந்த நாட்களில் எதில் மாசி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுப் பழகியவள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினேன். அவள் குனிந்துகொண்டாள்.

ஒரு வரி போதும். "மச்சான், அத வை, அதுல மாசி இருக்கு." அவ்வளவுதான். நான் ஏன் சொல்லவில்லை? இத்தனை நாளைக்குப் பிறகு அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தின்றது தின்றாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்றும் நினைத்தேன். இந்த இரண்டையும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மூன்றாவது ஒன்று இருந்தது. பாத்தியா, தின்னுட்ட, உனக்கு ஒன்னும் ஆகலயே என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். அதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவனைக் காப்பாற்ற வழி, சம்பலை நானே தின்று முடிப்பதுதான் என்று தோன்றியது. அள்ளி அள்ளிப் போட்டேன். காரத்தில் கண்ணால் தண்ணீர் வழிந்தது. "டேய், எங்களுக்கும் கொஞ்சம் வையிடா" என்று அவன் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, மூன்றாவது தடவையும் போட்டுக்கொண்டான். போகப்போக விரலால் வழித்து நாலாவது தடவையும். பிறகு கை கழுவிக்கொண்டே, "வாரத்துல ஒரு நா இப்பிடி வச்சா என்ன?" என்று எல்லோரையும் கேட்டான். எல்லோரும் சரி என்றோம். நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை அதை அடக்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை முடியவில்லை. என்னைப் போன்றவனுக்கு ஒரு நல்ல கதை கிடைத்தால் அது வயிற்றுக்குள் தங்காது. நானா மெஷினில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். எங்கள் மெஷின் ஓடும்போது காதுக்குள் கத்தினால்தான் பேச்சு கேட்கும். அதனால் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். நானா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்கவைக்க இன்னும் சத்தமாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு தாள் சிக்கியது. நானா சட்டென்று மெஷினை நிறுத்தினார். மெஷின் நின்றுவிட்டது, என் வாய் நிற்கவில்லை.

"மாசிய அள்ளி அள்ளித் தின்னுட்டு, தங்கச்சி கைப்பக்குவம்ங்கிறான் வீகன் சாமி!"

முழு அச்சகத்துக்கும் கேட்டது. நண்பன் பத்தடி தள்ளி, வெட்டும் மெஷினில் ஜனவரி மாதத்தை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டு பாதியில் இருந்ததால் நிறுத்தவில்லை. வெட்டி முடித்தான். தாள் கட்டைத் தட்டிச் சமப்படுத்தி வைத்தான். மெஷினை அணைத்தான். பின்பக்கத்துக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தான். இரண்டு நாளைக்கு முன் தின்றதற்கு அவன் வாய் கொப்பளித்த சத்தத்தை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"தங்கச்சி தெரியாமப் போட்டிருப்பா. அத விடு. நீ எப்பக் கண்டுபுடிச்ச?"

"ரெண்டாவது வாயில."

"அதுக்கப்புறம் நான் எத்தன வாட்டி போட்டேன்?"

எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கேவலம். "ரெண்டு வாட்டி" என்றேன்.

"பாத்துக்கிட்டுதான் இருந்த."

"ம்."

"சரி. அந்தக் கட்ட எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவன் என்னோடு பேசியதெல்லாம் வேலைப் பேச்சுதான். மார்ஜின் கூடிப்போச்சு. எழுத்து சின்னது. இந்தப் பக்கம் கோணல். திட்டவில்லை, முதலாளியிடம் போகவில்லை. நான் ஊற்றிக்கொடுக்கிற பிளேன்டீயைக் குடிக்கவில்லை. கேத்தலைத் தானே தூக்கி ஊற்றிக்கொண்டான். கேத்தலுக்குள் நான் எதைப் போட முடியும்? ஆனால் அவன் அப்படி நினைத்தால் தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். முதலில், "மாசியா? அதுல என்ன?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, அதுவும் மீனுதானே" என்று அலுமாரியைப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் ஏறியது.

"மரக்கறின்னு மட்டுந்தானே சொன்னீங்க? அவுருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருப்பனா? நான் போட்டது தெரியாம. நீங்க தெரிஞ்சிக்கிட்டே என் கையால அவுருக்கு ஊட்டியிருக்கீங்க."

அச்சகத்தில் நங்கி விஷயம் வெளியே வந்த அன்றே அவனிடம் போனாள். "நானும் தப்பு அண்ணே. நானும் பார்த்தது. பேசல" என்றாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு நிமிஷம் எடுத்த வேலை எனக்கு ஐந்து வாரம் எடுத்தது. காரணம், மன்னிப்பைச் சுற்றிக் கொடுக்க நான் ஒரு பகிடி தேடிக்கொண்டிருந்தேன். தினமும் ஒன்று தயாரிப்பேன். பின் கதவு வரைக்கும் போவேன். அவன் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

ஜனவரி கடைசியில், காலண்டர் எல்லாம் போய் முடிந்த ஒரு நாள், ஒன்றும் தயாரிக்காமல் போனேன். படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், என் பொறுப்புன்னு சொன்னது நான்தான். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. உன்னய ஏமாத்திட்டேன். தப்பு. பகிடி இல்ல."

அவன் மென்றுகொண்டிருந்த சோற்றை விழுங்கினான்.

"பகிடி இல்லன்னு நீ சொல்லி இப்பதான் கேக்கிறேன்" என்றான். பிறகு, "எனக்கு அந்த மாசி பெருசில்ல மச்சான். இந்த ஊருல தெரியாம அது எத்தன தடவ வாய்க்குள்ள போயிருக்கும். நீ பாத்துக்கிட்டு இருந்ததுதான்" என்றான்.

 நின்றுகொண்டே இருந்தேன். அவன் பார்சலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். நான் உட்கார்ந்தேன். என் கையில் சாப்பாடு இல்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் சந்து வழியாகத் தெரிகிற ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலகெதர பஸ் போனபோது, "இன்னைக்கு லேட்டு" என்றான். அது வேலைப் பேச்சு இல்லை என்பதால் எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது எங்கள் ஒழுங்கு இதுதான். மற்ற நாட்களில் அவன் பன்னிரண்டு மணிக்கே படியில் சாப்பிடுவான். நான் பிளேன்டீயோடு பக்கத்தில் இருப்பேன். பன்னிரண்டரைக்கு உள்ளே வந்து மேசையில் என் மீனைத் தின்பேன். நான் ஒன்றும் மாறிவிடவில்லை, மாறிவிட்டதாகச் சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். புதன்கிழமை மட்டும் மேசை முழுக்க மரக்கறி. அதற்கு அவன் திரும்பி வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. நாங்கள் கூப்பிடவில்லை. நானா கூப்பிட வேண்டாம் என்றார். ஒரு புதன்கிழமை அவனாகவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்கூட.

அந்த மேசையில் நங்கி வைக்கிற கறியை அவன் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வான். நானா வைப்பதையும் அப்படித்தான். என் பாத்திரத்துக்குக் கை வரும்போது மட்டும் நிற்கும். "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்பான். குத்தலாக இல்லை, மணி கேட்கிற மாதிரிதான் கேட்பான். நான் சொல்வேன். போஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பால், உப்பு. "வேற?" என்பான். வேற ஒன்னும் இல்ல மச்சான் என்பேன். அதன் பிறகுதான் எடுப்பான்.

இருபது வருஷம் எதையும் கேட்காமல் என் பாத்திரத்தில் கை வைத்தவன் அவன். ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பட்டியலை ஒன்று விடாமல், ஒரு பகிடியும் சேர்க்காமல் நான் சொல்லிக்கொண்டிருப்பது, அவன் கேட்க மறந்துபோய்க் கையை நீட்டப்போகிற ஒரு நாளுக்காகத்தான்.